ஒரு டிராவுக்கு என்ன விலை? 1888-89 பருவத்தை நான்கு கணக்குகளில் எண்ணிப் பார்த்தால்

1888 செப்டம்பர் 8, சனிக்கிழமை. உலகின் முதல் கால்பந்து லீக் அன்றுதான் தொடங்கியது. இங்கிலாந்தில் ஐந்து இடங்களில் ஆட்டங்கள் நடந்தன. நான்கில் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். ஐந்தாவது ஆட்டம் வுல்வர்ஹாம்ப்டனின் டட்லி சாலை மைதானத்தில் நடந்தது. உள்ளூர் அணியான வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸும் பர்மிங்ஹாமிலிருந்து வந்த ஆஸ்டன் வில்லாவும் 1-1 என்று முடித்துக்கொண்டன. லீக் வரலாற்றின் முதல் டிரா அது.

அந்த டிராவுக்கு எத்தனை புள்ளி என்று ஆடியவர்களுக்கும் தெரியாது, பார்த்தவர்களுக்கும் தெரியாது. லீக்கை நடத்தியவர்களுக்கே தெரியாது. புள்ளிமுறை என்ற ஒன்றை முடிவு செய்யாமலே பருவத்தைத் தொடங்கிவிட்டார்கள். முடிவு வந்தது நவம்பர் மாதக் கடைசியில்தான். அதற்குள் ஏறக்குறைய பாதிப் பருவம் போய்விட்டிருந்தது.

அப்போது எதிரெதிராக நின்றவை இரண்டு யோசனைகள். வெற்றிக்கு மட்டுமே புள்ளி, டிராவுக்கு ஒன்றுமில்லை என்பது ஒன்று. வெற்றிக்கு இரண்டு, டிராவுக்கு ஒன்று என்பது மற்றது. இரண்டாவதே வென்றது, 1981 வரை இங்கிலாந்தில் நிலைத்தது. அந்த முடிவு சரியானதுதானா? அன்று ஒரு வாக்கு நம் கையில் இருந்திருந்தால் எதற்குப் போட்டிருக்க வேண்டும்? 12 அணிகளின் வெற்றி, டிரா, தோல்வி எண்கள் முழுமையாக நம்மிடம் இருக்கின்றன. ஆகவே, வாதம் மட்டும் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையிலும் எண்ணிப் பார்த்துவிடலாம்.

என் முடிவை முன்னமே சொல்லிவிடுகிறேன். புள்ளிமுறையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பட்டத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தொடக்ககால லீக்கில் அது தவறான இடத்தில் தேடுவது. அன்றைய சாம்பியன்களை எந்தக் கணக்கும் அசைக்கவில்லை. கணக்கு கடித்தது அட்டவணையின் அடிப்பகுதியில். எனவே ஒரு முறை நல்லதா கெட்டதா என்பதை அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1885இல் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. ஆட்டக்காரர்களுக்கு வாரம் தவறாமல் சம்பளம் தர வேண்டும். ஆனால் வருமானம் அப்படி ஒழுங்காக வரவில்லை. கோப்பைப் போட்டியில் ஓர் அணி தோற்று வெளியேறினால் அடுத்த சனிக்கிழமை வெறுமையாகிவிடும். ஒப்புக்கொண்ட நட்பு ஆட்டங்களைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வதும் சாதாரணமாக இருந்தது. பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் மெக்ரெகர், ஆஸ்டன் வில்லா நிர்வாகிகளில் ஒருவர், 1888 மார்ச் 2 அன்று சில கிளப்களுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு தன் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று கட்டாயம் ஆட வேண்டும் என்பதே கடிதத்தின் சாரம். மார்ச் 23 அன்று லண்டனில் ஃப்ளீட் தெருவில் உள்ள ஆண்டர்ட்டன் ஹோட்டலிலும், ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரின் ராயல் ஹோட்டலிலும் கூடினார்கள். 12 கிளப்கள் சேர்ந்தன: லங்காஷயரிலிருந்து ஆறு, மிட்லாண்ட்ஸ் பகுதியிலிருந்து ஆறு. ஆளுக்கு 22 ஆட்டங்கள், மொத்தம் 132.

ஆட்டங்கள் உறுதியாக நடக்க வேண்டும் என்பதுதான் மெக்ரெகரின் கவலை. யார் முதலிடம், அதை எப்படிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அடுத்த கட்டமாகவே இருந்தது. அதனால்தான் அது நவம்பர் வரை தள்ளிப்போனது என்று நினைக்கிறேன்.

இப்போது பட்டத்தைப் பார்ப்போம். அதை விரைவாகவே முடித்துவிடலாம். மேஜர் வில்லியம் சடெல் நடத்திய பிரெஸ்டன் நார்த் எண்ட் 22 ஆட்டங்களில் 18 வென்றது, 4 டிரா செய்தது, ஒன்றிலும் தோற்கவில்லை. 74 கோல் போட்டு 15 மட்டுமே வாங்கியது. ஜான் குட்டால் மட்டும் 21 கோல் அடித்தார். இரண்டாவதாக வந்த ஆஸ்டன் வில்லாவுக்கு 12 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி. நடைமுறைக்கு வந்த முறையில் பிரெஸ்டனுக்கு 40 புள்ளி, வில்லாவுக்கு 29. வெற்றியை மட்டும் எண்ணினால் 18க்கு 12. இன்றைய முறைப்படி வெற்றிக்கு மூன்று என்றால் 58க்கு 41. எப்படிக் கூட்டினாலும் பிரெஸ்டன் எட்டாத தொலைவில் நிற்கிறது. அந்த ஆண்டு கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்ற அணி அது. இறுதி ஆட்டத்தில் வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று வீழ்த்தியது.

அடுத்த மூன்று பருவங்களையும் இதே போல எண்ணிப் பார்த்தேன். 1889-90இல் பட்டப்போட்டி உண்மையாகவே நெருக்கமாக இருந்தது: பிரெஸ்டன் 33, எவர்டன் 31. வெற்றிக் கணக்கில் 15க்கு 14. வெற்றிக்கு மூன்று என்றால் 48க்கு 45. மாற்றமில்லை. 1890-91இல் எவர்டன் 14 வெற்றியோடு 29 புள்ளி பெற்றது; பிரெஸ்டன் 12 வெற்றியோடு 27. மாற்றமில்லை. 1891-92இல் சண்டர்லாந்து 26 ஆட்டங்களில் 21 வென்று 5 தோற்றது, ஒரு டிராகூட இல்லை. அந்த அணிக்கு டிராவின் விலை என்னவாக இருந்தால் என்ன? நான்கு ஆண்டுகள், மூன்று முறைகள். பட்டம் ஒரு தடவைகூட கை மாறவில்லை.

இனி அடிப்பகுதிக்கு வருகிறேன். நான் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

லீக்கில் அப்போது இரண்டாம் பிரிவு கிடையாது. பருவம் முடிந்ததும் கடைசி நான்கு இடங்களில் இருப்பவர்கள் பதவி இழந்தவர்களாகக் கருதப்படுவார்கள். மறுபடியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மற்ற கிளப்களிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டும். வெளியே காத்திருந்த கிளப்களும் அதே இடங்களுக்கு விண்ணப்பிக்கும். எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் இடையில் இருந்த கோடு, ஒரு கிளப்பின் வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான கோடாக மாறக்கூடியது. 1890இல் ஸ்டோக் அந்த வாக்கெடுப்பில் தோற்று வெளியேறியது. அதன் இடம் சண்டர்லாந்துக்குப் போனது.

1888-89இன் கீழ்ப்பாதி இப்படி இருந்தது. ஏழாவது அக்ரிங்டன்: 6 வெற்றி, 8 டிரா, 8 தோல்வி, 20 புள்ளி. எட்டாவது எவர்டன்: 9 வெற்றி, 2 டிரா, 11 தோல்வி, அதே 20 புள்ளி. ஒன்பதாவது பர்ன்லி: 7, 3, 12, புள்ளி 17. பத்தாவது டார்பி கவுண்டி: 7, 2, 13, புள்ளி 16. அதற்கும் கீழே நாட்ஸ் கவுண்டி (5, 2, 15), ஸ்டோக் (4, 4, 14) இரண்டும் 12 புள்ளிகளோடு.

இதில் அக்ரிங்டனைக் கொஞ்சம் நின்று பாருங்கள். லங்காஷயரின் சிறிய பஞ்சாலை நகரம். தார்னிஹோம் சாலையில் இருந்த கிரிக்கெட் மைதானத்தில்தான் கால்பந்தும் ஆடினார்கள். அந்தப் பருவத்தின் 132 ஆட்டங்களில் டிராவில் முடிந்தவை 22தான், ஆறில் ஒன்று. அந்த 22இல் 8 அக்ரிங்டனுடையவை. வேறெந்த அணிக்கும் அத்தனை இல்லை. அடுத்ததாக பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு 6.

வெற்றிக்கு மட்டுமே புள்ளி என்ற யோசனை ஏற்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எவர்டன் 9. பர்ன்லி 7, டார்பி 7. அக்ரிங்டன் 6. ஏழாம் இடத்தில் நிம்மதியாக இருந்த அணி ஒரே தாவலில் பத்தாம் இடத்துக்கு விழுந்து, கைகூப்பி வாக்குக் கேட்கும் வரிசையில் நின்றிருக்கும். பர்ன்லி அந்த வரிசையிலிருந்து தப்பி எட்டாவது இடத்துக்கு ஏறியிருக்கும். ஆடிய ஆட்டங்கள் அதேதான், அடித்த கோல்கள் அதேதான். கணக்கு மட்டும் வேறு.

அது நியாயமாக இருந்திருக்குமா? வெற்றியை மட்டும் எண்ணும் முறைக்கும் ஒரு வாதம் இருக்கிறது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆட்டம் என்றால் வெல்வதற்கு ஆடுவது. வெற்றிக்கு மட்டும் பரிசு என்றால் யாரும் 1-1 என்று நிறுத்திக்கொள்ள மாட்டார்கள், கடைசி நிமிடம் வரை இரு பக்கமும் தாக்குதல் நடக்கும், டிக்கெட் வாங்கியவருக்கு அதுதான் தேவை. எளிமையும் அந்த முறைக்கு உண்டு. ஒரே ஓர் எண்ணைப் பார்த்தால் போதும்.

ஆனால் அக்ரிங்டனின் டிராக்களைப் பாருங்கள். பருவத்தின் இரண்டாம் சனிக்கிழமை பிளாக்பர்னில் 5-5. ஆம், பத்துக் கோல்கள். தங்கள் ஊரில் வுல்வர்ஹாம்ப்டனோடு 4-4. அதே மைதானத்தில், அந்தப் பருவம் முழுதும் யாராலும் வீழ்த்த முடியாத பிரெஸ்டனோடு 0-0. இந்த மூன்றில் எதைச் சோம்பலான ஆட்டம் என்று சொல்ல முடியும்? சராசரியாக ஆட்டத்துக்கு மூன்றுக்கும் மேல் கோல் போட்ட பிரெஸ்டனை ஒரு கோலும் அடிக்க விடாமல் தொண்ணூறு நிமிடம் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதே பிரெஸ்டனிடம் அந்தப் பருவத்தில் 7-0 என்று சிதறியது ஸ்டோக். வெற்றிக்கு மட்டும் புள்ளி என்றால் இந்த இரண்டுக்கும் விலை ஒன்றே: பூஜ்ஜியம். 5-5 என்று போராடிய அணியும் 7-0 என்று தோற்ற அணியும் ஒரே கணக்கில் எழுதப்படும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. வெறும் எளிமைக்காக இவ்வளவு பெரிய பொய்யை ஓர் அட்டவணை சொல்லக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பிரெஸ்டன் தோல்வியே இல்லாமல் முடித்தது என்று நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசுகிறோம். தோற்காமல் இருப்பதற்கு மதிப்பே இல்லாத ஒரு முறையில் அந்தச் சாதனை எங்கே பதிவாகியிருக்கும்? டிரா செய்த நான்கு ஆட்டங்களை அந்த அணி தோற்றிருந்தாலும் அதே 18தான் கிடைத்திருக்கும்.

அன்றைய ஆட்டத்தின் நிலையையும் மறந்துவிடக் கூடாது. கோல் கம்பங்களுக்குப் பின்னால் வலை கிடையாது. பெனால்டி உதை கிடையாது. இரண்டும் 1891 வாக்கில்தான் வந்தன. அதுவரை நடுவர் களத்துக்கு வெளியே நிற்பார். இரு அணிகளின் அம்பயர்களும் ஒத்துப்போகாதபோது மட்டுமே தீர்ப்புச் சொல்வார். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்பதே சச்சரவாக முடியும் காலம். ஒரு கோல் இவ்வளவு ஆட்டம் காணும் பொருளாக இருக்கும்போது, அந்த ஒற்றைக் கோல் கூடினால் முழுப் பரிசு, கூடாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று வைப்பது சூதாட்டத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. டிராவுக்குப் பாதி விலை வைத்தது அந்த அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை போல வேலை செய்தது.

மூன்றாவதாக ஒரு வழியும் அன்று அருகிலேயே இருந்தது: கிரிக்கெட்டின் வழி. அங்கே அன்று கவுண்டிகளை, அதாவது இங்கிலாந்தின் மாவட்ட அணிகளை, வரிசைப்படுத்தியபோது வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று எண்ணினார்கள். 1889 கோடையில் லங்காஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், சர்ரே மூன்றும் சரியாகப் பத்தரைப் புள்ளியில் வந்து நின்றன, முதலிடத்தை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டு கிரிக்கெட் வேறு முறைக்கு மாறியது: வெற்றிகளிலிருந்து தோல்விகளைக் கழி, டிராவை விட்டுவிடு. கேட்பதற்கு இது டிராவைத் தூக்கி எறியும் முறை போலத் தோன்றுகிறது. கால்பந்து லீக்குக்கு இதைப் பொருத்திப் பார்த்தபோதுதான் எனக்கு அதன் அழகு தெரிந்தது. பிரெஸ்டன் 18இலிருந்து 0 போனால் 18. வில்லா 12 கழித்தல் 5, அதாவது 7. அக்ரிங்டன் 6 கழித்தல் 8, மைனஸ் 2. எவர்டன் 9 கழித்தல் 11, அதுவும் மைனஸ் 2. பர்ன்லி மைனஸ் 5, டார்பி மைனஸ் 6. இப்போது ஒவ்வொன்றோடும் 22ஐக் கூட்டுங்கள்: 40, 29, 20, 20, 17, 16. நடைமுறையில் இருந்த அதே அட்டவணை!

தற்செயல் இல்லை இது. எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடும்போது, வெற்றிக்கு இரண்டு, டிராவுக்கு ஒன்று என்பதும், வெற்றியிலிருந்து தோல்வியைக் கழிப்பதும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். வெற்றி தருவதை அதே அளவில் தோல்வி பறிக்கிறது; டிரா நடுப்புள்ளியில் நிற்கிறது. கவுண்டிகள் அன்று வெவ்வேறு எண்ணிக்கையில் ஆடியதால் கிரிக்கெட்டில் இவ்விரண்டும் ஒன்றல்ல. கால்பந்தில் ஒன்றே. ஆகவே டிராவுக்கு ஒரு புள்ளி கொடுப்பதை இனாம் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அது இனாம் இல்லை, தோற்கவில்லை என்பதற்கான சான்று.

சரி, வெற்றிக்கு மூன்று? இன்று உலகம் முழுதும் அதுதான். இங்கிலாந்து 1981இல் அதற்கு மாறியது. முன்னாள் ஆட்டக்காரரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஜிம்மி ஹில் அதற்காகப் பெரிதும் வாதாடினார். 1888-89க்கு அதைப் பொருத்தினால் எவர்டன் 29, அக்ரிங்டன் 26 என்று இடம் மாறிக்கொள்கின்றன. பர்ன்லி 24, டார்பி 23. கடைசி நால்வர் அப்படியேதான் இருக்கிறார்கள். கீழே நாட்ஸ் கவுண்டி 17, ஸ்டோக் 16 என்று சமநிலை உடைகிறது. வேறு மாற்றமே இல்லை. தீங்கற்ற முறை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் 1888க்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கோல்கள் வறண்டு, முன்னிலை கிடைத்ததும் கதவை மூடிக்கொண்டு உட்காரும் ஆட்டத்துக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட மருந்து அது. ஆட்டத்துக்கு நான்குக்கும் மேலே கோல் விழுந்த, ஆறில் ஒன்று மட்டுமே டிராவான ஒரு லீக்குக்கு அந்த நோய் இல்லை. எவர்டனையும் அக்ரிங்டனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 22 ஆட்டங்களில் பாதியைத் தோற்ற எவர்டன், எட்டு மட்டுமே தோற்ற அக்ரிங்டனைவிட மூன்று புள்ளி மேலே போவதற்கு அன்றைய சூழலில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆக, டிராவின் விலை விஷயத்தில் என் வாக்கு நவம்பரில் வென்ற முறைக்கே. ஆனால் அது நவம்பரில் வந்ததே, அதைக் குறையென்றுதான் சொல்வேன். கையில் எத்தனை டிரா இருக்கிறது என்று ஒவ்வொரு கிளப்பும் எண்ணிப் பார்க்கக்கூடிய நேரத்தில் டிராவுக்கு விலை வைப்பது, தேர்வு எழுதி முடித்தபின் மதிப்பெண்ணைப் பிரிப்பது போன்றது. யாரும் தன்னலமாக நடந்தார்கள் என்று சொல்லவில்லை. விதி சரியாக அமைந்தது அதிர்ஷ்டம். அது ஏப்ரல் மாதம் மான்செஸ்டரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியது.

இன்னொரு முடிவு மீதி இருக்கிறது. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் வந்தால்? இதில்தான் அந்தக் கால லீக்கோடு நான் முற்றிலும் மாறுபடுகிறேன்.

அந்தப் பருவத்தின் அட்டவணை நம் கைக்கு வந்திருப்பது கோல் சராசரிப்படி: அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது. 1976 வரை இங்கிலாந்தில் இதுவே வழக்கம். அதன் பிறகுதான் கழித்துப் பார்க்கும் கோல் வித்தியாசம் வந்தது. 1888-89இன் கடைசி இரண்டு இடங்களையே எடுத்துக்கொள்வோம். நாட்ஸ் கவுண்டி 40 அடித்து 73 வாங்கியது. ஸ்டோக் 26 அடித்து 51 வாங்கியது. வகுத்தால் நாட்ஸுக்கு 0.548, ஸ்டோக்குக்கு 0.510. எனவே ஸ்டோக் கடைசி. கழித்தால் நாட்ஸுக்கு மைனஸ் 33, ஸ்டோக்குக்கு மைனஸ் 25. எனவே நாட்ஸ் கடைசி. 22 கோல் கூடுதலாக வாங்கிய அணியை மேலே வைக்கிறது வகுத்தல்.

இது ஏன் நடக்கிறது என்று யோசித்தால் வகுத்தலின் உள்ளே இருக்கும் கோணல் தெரியும். பிரெஸ்டனின் 74க்கு 15 என்பது 4.93. இரு பக்கமும் பத்துப் பத்துக் கோல் கூட்டுங்கள், 84க்கு 25, சராசரி 3.36 ஆகச் சரிகிறது. ஸ்டோக்கின் 26க்கு 51ஓடு அதே பத்தைக் கூட்டினால் 36க்கு 61, சராசரி 0.59 ஆக உயர்கிறது. அதாவது வலுவான அணியைப் பார்த்து இந்தக் கணக்கு சொல்வது, கதவைச் சாத்திக்கொள் என்று. பலவீனமான அணியைப் பார்த்துச் சொல்வது, திறந்து வைத்து ஆடு, வாங்கினாலும் பரவாயில்லை என்று. ஒரே லீக்கில், ஒரே விதி, இரண்டு விதமான புத்திமதி. ஒரு கோலின் மதிப்பு அதை அடித்தவரின் நிலையைப் பொறுத்து மாறுகிறது. கழித்தலில் அப்படி இல்லை. யார் அடித்தாலும் ஒரு கோல் ஒரு கோல்தான். ஆலையிலிருந்து வீடு திரும்பும் தொழிலாளி விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்று தசம இடங்கள் வரை வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

வகுத்தலா கழித்தலா என்பது பிற்காலத்தில் பட்டத்தையே தொட்டது. 1923-24இல் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுனும் கார்டிஃப் சிட்டியும் 57 புள்ளியில் வந்து நின்றன. ஹடர்ஸ்ஃபீல்ட் 60க்கு 33, கார்டிஃப் 61க்கு 34. வகுத்தால் 1.818க்கு 1.794, பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. கழித்தால் இரண்டுக்கும் 27; கூடுதலாக ஒரு கோல் அடித்த கார்டிஃப் சாம்பியனாகியிருக்கும். கடைசி நாளில் பர்மிங்ஹாமில் கார்டிஃபின் லென் டேவிஸ் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார், ஆட்டம் 0-0. அந்த உதையைப் பற்றி வேல்ஸில் இன்றும் பேசுகிறார்கள்; வகுத்தலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் டேவிஸ் தோற்றது கோல்கீப்பரிடம் மட்டும் இல்லை.

லீக் தொடங்கிச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1988-89இல், ஆர்சனலும் லிவர்பூலும் 76 புள்ளியில் முடித்தன. ஆர்சனல் 73க்கு 36, லிவர்பூல் 65க்கு 28. இரண்டுக்கும் வித்தியாசம் 37. அதிகக் கோல் அடித்ததால் ஆர்சனல் சாம்பியன். பழைய வகுத்தல் இருந்திருந்தால் 2.03க்கு 2.32, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் கடைசி நிமிடத்தில் ஆர்சனல் அடித்த அந்தக் கோலுக்குப் பிறகும் பட்டம் லிவர்பூலிடமே இருந்திருக்கும். இந்த இரண்டு பருவங்களையும் அருகருகே வைத்தபின் கோல் வித்தியாசம், அதிலும் சமமென்றால் அடித்த கோல் என்ற வரிசைக்குத் தவிர வேறெதற்கும் என்னால் வாக்களிக்க முடியவில்லை. 1888இலேயே அதைச் செய்திருக்கலாம். கழித்தல் அன்றும் எல்லாருக்கும் தெரிந்த கணக்குதானே.

புள்ளி என்பது வெறும் அடையாளமாக இருக்கவில்லை என்பதற்கும் சீக்கிரமே சான்று கிடைத்தது. 1890-91இல், பதிவு விதிப்படி இன்னும் தகுதி பெறாத கோல்கீப்பர் நெட் டாய்க்கை ஆடவைத்ததற்காகச் சண்டர்லாந்திடமிருந்து இரண்டு புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஒரு வெற்றியின் விலை இரண்டு என்று நவம்பரில் எழுதிவைத்ததால்தான் ஒரு தவறின் அபராதத்தையும் அதே நாணயத்தில் வசூலிக்க முடிந்தது.

1889 கோடையில் கடைசி நான்கு கிளப்களான பர்ன்லி, டார்பி, நாட்ஸ், ஸ்டோக் மறுதேர்தலுக்கு நின்றன. நான்குமே திரும்பச் சேர்க்கப்பட்டன. அக்ரிங்டன் அந்த வரிசையில் நிற்கவில்லை. எட்டு டிராக்கள் அதைக் காப்பாற்றியிருந்தன.

1892-93இல் லீக் இரண்டு பிரிவுகளாகிவிட்டது. 16 அணிகள் கொண்ட முதல் பிரிவில் அக்ரிங்டன் 30 ஆட்டங்களில் 6 வெற்றி, 11 டிரா, 13 தோல்வி. இந்த முறையும் டிராக்கள்தான் அந்த அணியைத் தாங்கிப் பிடித்தன; ஆனால் 23 புள்ளியோடு பதினைந்தாம் இடம்தான் கிடைத்தது. முதல் பிரிவின் கடைசி மூன்று அணிகளும் இரண்டாம் பிரிவின் முதல் மூன்று அணிகளும் தேர்வு ஆட்டம் ஆட வேண்டும் என்பது புது விதி. வென்றே ஆக வேண்டிய ஆட்டம் அது. நாட்டிங்ஹாமில் ஷெஃபீல்ட் யுனைடெட் 1-0 என்று வென்றது. இரண்டாம் பிரிவில் ஆட மறுத்து, லீக்கைத் தொடங்கிய பன்னிருவரில் ஒன்றான அக்ரிங்டன் அதிலிருந்து விலகிக்கொண்டது.